மணிக்கு நிற்காத யசிந்தா

கடந்த செவ்வாய்க்கிழமை காலை ரெஜினா தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக "அண்ணை, சுகமாய் இருக்கிறியளோ" என்று தொடங்குபவர் அன்று அதைக் கேட்கவில்லை. "யசிந்தா போயிட்டாள் அண்ணை. விடியப்புறம். நித்திரையிலையே போயிட்டாள்" என்றார். பிறகு, நான் பத்திரிகைக்காரன் என்பது நினைவுக்கு வந்தவர் போல, "பேப்பருக்கு எழுதினால் வலை தைச்சவ எண்டு எழுதிப்போடாதையுங்கோ. பந்து அடிச்சவ எண்டு எழுதுங்கோ" என்றார்.

அப்படியே எழுதுகிறேன். யசிந்தா பந்து அடித்தவர். 1983 முதல் 1995 வரை குருநகர் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பின்வரிசையில் நின்றவர். அதே அணியின் கோல் காப்பாளர்தான் ரெஜினா. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. அவர் ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை நான் நேரில் நின்று பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஆடுவதற்காகவே சம்பளம் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. குருநகரில் வள்ளங்களும் ஐஸ் அறையும் வலை தைக்கும் கொட்டிலான வலைவாடியும் வைத்திருந்தவர் அலோசியஸ் சம்மாட்டி. உதைபந்தாட்டத்தில் பைத்தியம் பிடித்த மனிதர். கத்தோலிக்கக் கோயில் பங்கின் பெயரில் பெண்கள் அணி ஒன்றை உருவாக்கி, ஆடும் பிள்ளைகளைத் தன் வாடியிலேயே வலை தைக்கும் வேலைக்கு எடுத்தார். காலையில் வலை, பின்னேரம் மைதானம். மற்றப் பிள்ளைகள் வலையும் நன்றாகத் தைத்தார்கள். யசிந்தா தைத்தால் ஒரு கண்ணியில் சுறா போகும், அடுத்த கண்ணியில் நெத்தலியும் போகாது. மற்றவர்கள் அவிழ்த்துத் திரும்பத் தைப்பார்கள். "எனக்குச் சம்பளம் காலுக்கு, கையுக்கு இல்லை" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். தகப்பன் கடலோடு போனவர். தாயும் இரண்டு தங்கைகளும் அந்தக் காலை நம்பித்தான் இருந்தார்கள்.

முதல் ஆட்டத்துக்குக் கூடிய கூட்டத்தில் பாதி, ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. முழங்காலுக்கு மேல் காற்சட்டை போட்ட பெண்களைப் பார்த்துச் சிரிக்க வந்தது. கோட்டோரம் நின்ற ஒருவர், "எடி பிள்ளை, வீட்டிலை அடுப்பு எரியேல்லையோ?" என்று கத்தினார். யசிந்தா பந்தை எறிவதற்காக அவருக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார். "மூட்டிப்போட்டுத்தான் வந்தனான் மாமா. சும்மாதானே நிக்கிறியள், போய் ஒருக்கால் ஊதிவிடுங்கோ" என்றார். அந்த மனிதரைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவர் அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு மைதானப் பக்கமே வரவில்லை. அந்தக் கூட்டம்தான் யசிந்தாவுக்குப் 'படலை', அதாவது வேலிக் கதவு, என்று பட்டம் வைத்தது. எதிரணி பந்தோடு வரும்போது "படலையைச் சாத்தடி!" என்று கத்துவார்கள். அவரும் சாத்துவார்.

அவர் வேகமாக ஓடக்கூடியவர் அல்லர். உயரமும் சாதாரணம். பந்தை நோக்கிப் பாயமாட்டார். எதிரில் வருபவரை ஓரமாக, ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போவார். வருபவருக்கு இனி மைதானம் இல்லை என்ற இடத்தில் காலை நீட்டுவார். இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பந்து பொய் சொல்லும் அண்ணை. காலும் பொய் சொல்லும். இடுப்புப் பொய் சொல்லாது. நான் இடுப்பைத்தான் பாக்கிறனான்." அடுத்த நாள் அதை அப்படியே தலைப்பாகப் போட ஆசிரியர் சம்மதிக்கவில்லை.

இனி 1985ஆம் ஆண்டுக்கு வருகிறேன். யசிந்தாவை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கதையை ஒவ்வொரு மாதிரிச் சொல்கிறார்கள். நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

அது யுத்தநிறுத்த காலம். சனம் பின்னேரங்களில் பயமில்லாமல் வெளியில் வந்தது. ஆவணி மாதா பெருநாளை ஒட்டிக் குருநகரில் பெண்களுக்கான சுற்றுப்போட்டி ஒன்று வைத்தார்கள். அரையிறுதி ஆட்டத்தில் குருநகரும் உடுவில் பக்கத்து அணி ஒன்றும் மோதின. உடுவில் அணியில் எல்லோரும் தோட்டக்காரக் குடும்பங்களின் பிள்ளைகள், சைவர்கள். அவர்களுடைய வான் கொக்குவிலில் ரயர் காற்றுப்போய் நின்றுவிட்டதால் ஆட்டம் பிந்தித் தொடங்கியது. நடுவராக நின்றவர் வட்டுக்கோட்டையிலிருந்து வந்த கணித ஆசிரியர், அவரும் சைவர்.

குருநகரில் மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் ஊர் நிற்கும். கடகத்தோடு போகிறவர் கடகத்தை இறக்கி வைப்பார். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றுவார். சிலுவை அடையாளம் போட்டு, கண்ணை மூடி, செபத்தைச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. மைதானத்திலும் அதுதான் வழக்கம். ஊர் நடுவர்கள் மணியின் முதல் அடிக்கே விசில் ஊதிவிடுவார்கள். அதை யாரும் போட்டி விதியாக எழுதி வைக்கவில்லை. வட்டுக்கோட்டை ஆசிரியருக்கும் அதை ஒருவரும் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. மணி அடித்தும் நிற்காத மனிதர்கள் இருப்பார்கள் என்பது அந்த ஊருக்குத் தோன்றவே இல்லை.

குருநகர் ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியும் கட்டம். உடுவிலின் முன்வரிசை ஆட்டக்காரி வசந்தியிடம் பந்து இருந்தபோது மணி அடித்தது. நீலச் சட்டை போட்ட குருநகர்ப் பிள்ளைகள் நின்ற இடத்தில் நின்றார்கள். கோல் வாசலில் ரெஜினா கைகளைக் குவித்துக் கண்ணை மூடினார். பார்த்துக்கொண்டிருந்த சனமும் கண்ணை மூடியது. நடுவர் விசில் ஊதவில்லை. முன்னால் வழி திறந்து கிடப்பதைக் கண்ட வசந்தி ஓடினார்.

நான் தென்மராட்சிச் சைவக் குடும்பத்தவன். கண்ணை மூடாமல் நின்ற சிலரில் ஒருவன். ஆகவே நடந்ததைப் பார்த்தேன். யசிந்தா மட்டும் நிற்கவில்லை. வசந்தியின் பக்கமாக வந்தார். வழக்கம் போல ஓரமாக ஒதுக்கினார், கால் நீட்டினார், பந்தை எடுத்தார். எடுத்த பந்தைத் தன் பலம் முழுவதையும் சேர்த்து உதைத்தார். அது மைதானத்தையும் பக்கத்து ஒழுங்கைத் தெருவையும் தாண்டிக் கடலில் போய் விழுந்தது. அந்த அமைதிக்குள் பந்து அடிபட்ட சத்தம் வெடி போலக் கேட்டது. கண் திறந்தவர்கள் கண்டது, கோல் வாசலுக்கு முன்னால் நின்று நிதானமாகச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்த யசிந்தாவைத்தான்.

ஆட்டம் முடிந்ததும் வசந்தி அவரிடம் ஓடிவந்தார்.

"அக்கா, ஏன் எல்லாரும் நிண்டவை? ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

"ஒண்டுமில்லை தங்கச்சி. கும்பிட்டவை."

"ஐயோ, எனக்குத் தெரியாதக்கா."

"தெரிஞ்சிருந்தால் நிண்டிருப்பியோ?"

"நிண்டிருப்பன்."

"அப்ப சரி. போய்ச் சோடா குடி."

சரியாகவில்லை. கோயில் மூப்பர் சவிரிமுத்து அன்றிரவே வீடு வீடாகப் போய்க் கதைத்தார். மூப்பர் என்றால் பங்கு மக்களின் தலைவர். அவர் சொல்லுக்கு ஊரில் மறுசொல் இல்லை. "மாதாவின்ரை மணிக்கு மேலாலை பந்து அடிச்சவள்" என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. இரண்டு நாளில் பங்குச் சபை கூடியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் யசிந்தா சனத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும்; கேட்காவிட்டால் அன்று பின்னேரம் நடக்கும் இறுதி ஆட்டத்திலும் அதற்குப் பிறகும் பங்கின் சட்டையைப் போட முடியாது. இதுதான் முடிவு.

சபையில் அவரிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "எல்லாரும் நிண்டவை. நீ ஏன் நிக்கேல்லை?"

"பந்து வந்தது, அடிச்சனான்."

"அது தெரியும். ஏன் நிக்கேல்லை?"

"பந்து வந்தது மூப்பர்."

"மணி கேக்கேல்லையோ?"

"கேட்டது."

அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. திமிர் என்று சிலர் சொன்னார்கள். நான் மறுநாள் வலைவாடிக்குப் போனபோது அலோசியஸ் சம்மாட்டி அவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். "பிள்ளை, ஒரு சொல்லு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ஒரே ஒரு சொல்லு. நீ விளையாடாட்டில் நான் உன்னை இஞ்சை என்னெண்டு வைச்சிருக்கிறது? உன்ரை வலையைப் பார். உதுக்குள்ளாலை கப்பலே போகும்." யசிந்தா தான் தைத்த வலையைத் தூக்கிப் பார்த்தார். "சின்னக் கப்பல்தான் சம்மாட்டியார்" என்றார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வேலை போனால் வீட்டில் நான்கு பேருடைய சாப்பாடு போகும் என்பது அவருக்குத் தெரியும். அதைவிட, அந்தப் பின்வரிசை இடம் போனால் தனக்கு வேறு இடம் இல்லை என்பதும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குப் போனேன். சனம் வாசல்வரை நின்றது. பூசை முடியும் தறுவாயில் பங்குக் குருவான சுவாமி தலையசைத்தார். யசிந்தா தலையில் முக்காட்டோடு எழுந்து முன்னால் போனார். மைதானத்தில் நிற்பது போலவே காலைச் சற்று அகட்டி நின்றார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"போன ஞாயிறு மணி அடிக்கேக்கை நான் நிக்கேல்லை. எல்லாருக்கும் தெரியும். மன்னிப்புக் கேக்கச் சொல்லியிருக்கினம். கேட்டால் இண்டைக்கு விளையாடலாம். எனக்கு விளையாட விருப்பம். ஆனால் இண்டைக்கும் விசில் ஊதாமல் பந்து எங்கடை கோலுக்கு வந்தால், மணி அடிச்சாலும் நான் நிக்கமாட்டன். அதை மனசிலை வைச்சுக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அது பொய். மாதாவுக்கு முன்னாலை பொய் சொல்ல ஏலாது. அவ்வளவுதான் சுவாமி."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தாய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். தாய் முந்தானையால் வாயைப் பொத்தியபடி இருந்தார். சுவாமி குனிந்து ஏதோ யோசித்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் சிரிப்பை அடக்கும் முயற்சி தெரிந்தது.

"மூப்பர், மன்னிப்புக் கேக்கச் சொல்லித்தானே விட்டனாங்கள். பிள்ளை முன்னறிவித்தல் எல்லே தந்திட்டுது" என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு வந்தது. பிறகு கோயில் முழுவதும் சிரித்தது. சுவாமி கையை உயர்த்தி அடக்கினார். "பொய் சொல்லாத பிள்ளையை நான் தண்டிக்கிறதில்லை. இண்டையிலிருந்து மணி அடிச்சோடனை விசில் ஊதவேணும். ஆர் நடுவராய் வந்தாலும் ஆட்டம் தொடங்க முதல் இதைச் சொல்லுங்கோ. விசில் ஊதியும் நிக்காட்டில் என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாருங்கோ."

மூப்பருக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் பின்னேரம் மைதானத்தில் நடுவரிடம் போய் அந்த விதியை முதலில் சொன்னவர் அவர்தான். சனத்தில் பாதி, மணி அடிக்கும்போது யசிந்தா என்ன செய்வார் என்று பார்ப்பதற்காகவே வந்திருந்தது. அவர்களுக்கு ஏமாற்றம். ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கி, மணி அடிக்க முன்னரே முடிந்துவிட்டது. குருநகர் ஒரு கோலால் வென்றது. யசிந்தாவைத் தாண்டி அன்று ஒரு பந்தும் போகவில்லை. அதன் பிறகு அந்த மைதானத்தில் எந்த ஆட்டத்திலும் மணியோடு விசிலும் கேட்டது.

பின்னால் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. இதை வாசிப்பவர்களில் பலர் அவற்றை வாழ்ந்தவர்கள். இந்திய இராணுவம் வந்தது, போனது. மைதானத்தில் ஆடமுடியாத காலங்கள் மாதக்கணக்கில் வந்தன. அலோசியஸ் சம்மாட்டி வள்ளங்களை விற்றுவிட்டுச் சிலாபத்துக்குப் போனார். வாடியும் சம்பளமும் அவரோடு போயின. யசிந்தா தாயோடு சந்தையில் மீன் விற்றுக்கொண்டு ஆடினார். மண்ணெண்ணெயில் ஓடும் வானில், காற்றுப்பைக்கு ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்ட பந்தோடு, ஊர் ஊராகப் போனார்கள். அந்தப் பந்து ஒட்டுப் போட்ட பக்கமாகச் சரிந்து போகும். "பழகினால் ஒண்டுமில்லை. எங்கடை மூப்பரும் உப்பிடித்தானே ஒரு பக்கம் சரிஞ்சு நடக்கிறார்" என்பார். சவிரிமுத்து மூப்பர் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பார். எப்போது தொடங்கியது என்று தெரியாமலே அவர் அணியின் பையைத் தூக்குபவராகியிருந்தார்.

1995ஆம் ஆண்டின் முற்பகுதியில் திரும்பவும் ஒரு யுத்தநிறுத்தம். சாவகச்சேரியில் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் வைத்தார்கள். அதுதான் யசிந்தாவின் கடைசி ஆட்டம் என்பது எங்களுக்கு அன்று தெரியாது. அந்த ஆண்டு முடிவதற்குள் குருநகரோடு வலிகாமம் முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்தது, அணியும் கலைந்தது. அவருக்கு முப்பது வயதாகியிருந்தது. இடது முழங்காலில் துணி சுற்றியிருந்தார். எதிரில் ஓடியவர்கள் அவர் ஆடத் தொடங்கியபோது பாலர் வகுப்பில் இருந்த பிள்ளைகள். ஆட்டம் கோலின்றி முடிந்தது. அவர் நின்ற ஆட்டங்கள் பல அப்படித்தான் முடிந்தன.

பிறகு பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் மூவரும் இருந்தோம். மூப்பர், யசிந்தா, நான். சீனி இல்லாத காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணீர் குடித்தோம். பேச்சு எங்கோ சுற்றி 1985க்கு வந்தது. மூப்பர் கேட்டார்.

"பிள்ளை, இப்பவெண்டாலும் சொல்லு. அண்டைக்கு ஏன் நிக்கேல்லை?"

"பந்து வந்தது மூப்பர்."

"உந்தக் கதையை விடு. பத்து வருசமாய் உதைத்தான் சொல்லுறாய். எனக்கும் வயசு போட்டுது. தெரியாமல் சாகப்போறன்."

யசிந்தா என்னைப் பார்த்தார். "அண்ணை, நான் இருக்குமட்டும் எழுதமாட்டியளே?" மாட்டேன் என்றேன்.

"மணி கேட்டோடனை நானும் நிக்கப்போனனான்தான் மூப்பர். சிலுவை போடக் கை தூக்கினனான். அப்ப திரும்பி ரெஜினாவைப் பாத்தனான். அவள் கண்ணை மூடிப்போட்டாள். கோலுக்குள்ளை நிண்டுகொண்டு, பந்து எதிராளின்ரை காலிலை கிடக்க, அவள் கண்ணை மூடினவள். ஏன் மூடினவள்? முன்னுக்கு நான் நிக்கிறன் எண்ட நம்பிக்கையிலை. நானும் மூடினால் அவளின்ரை நம்பிக்கை என்னாகிறது? கும்பிடுற ஆளுக்கு முன்னாலை ஒருத்தி கண்ணைத் திறந்துகொண்டு நிக்கத்தானே வேணும்."

மூப்பர் கையில் இருந்த பனங்கட்டியைக் கடிக்க மறந்து வைத்திருந்தார். "உதை அண்டைக்கே சபையிலை சொல்லியிருந்தால் அந்த இடத்திலையே முடிஞ்சிருக்குமே பிள்ளை. உன்னை ஏன் கோயிலுக்குள்ளை எழுப்பி விடுறம்?"

"சொல்லியிருந்தால் அடுத்ததாய் ரெஜினாவை எல்லே கூப்பிட்டிருப்பியள். பிள்ளை, நீ கண்ணை மூடினது மாதாவை நம்பியோ, யசிந்தாவை நம்பியோ எண்டு கேட்டிருப்பியள். அவள் பயந்தவள். அழுதிருப்பாள். பிறகு கோலுக்குள்ளை நிண்டிருக்கமாட்டாள்."

மூப்பர் பனங்கட்டியைக் கீழே வைத்தார். "ஓம், கேட்டிருப்பன்தான்" என்றார்.

அப்போது ரெஜினா கலியாணம் முடித்து மன்னாரில் இருந்தார். மூப்பர் இன்று இல்லை. யசிந்தா பின்னர் குருநகருக்குத் திரும்பி, சந்தையில் தாயின் இடத்தில் இருந்து, தங்கைகளைக் கரைசேர்த்து, அவர்களின் பேரப்பிள்ளைகளையும் கண்டார். மன்னாரிலிருந்து திரும்பிவந்த ரெஜினாவோடு கடைசிவரை ஒரே ஒழுங்கையில் இருந்தும் இதை அவர் சொல்லவில்லை.

ரெஜினா, ஆகவே இதை நீங்கள் இங்கேதான் முதன்முதலாக வாசிக்கிறீர்கள். நான் கொடுத்த வாக்கு அவர் இருக்கும்வரைக்குமானது. பந்து அடித்தவர் என்று எழுதச் சொன்னீர்கள், எழுதியிருக்கிறேன். அவர் மறித்த பந்துகளைப் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள், அவற்றை அவர்கள் சொல்வார்கள். எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது வேறொன்று. தன்னைக் காப்பாற்றும் பதிலைக் கையில் வைத்துக்கொண்டே, வேலை போகும் என்று தெரிந்தும், அதைச் சொன்னால் கேள்வி உங்கள் பக்கம் திரும்பிவிடும் என்பதற்காகச் சபைக்கு முன்னால் "பந்து வந்தது" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்ற அந்த இருபது வயதுப் பெண். அந்தக் கேள்வி உங்களிடம் வந்து சேரவே இல்லை. நீங்கள் தொடர்ந்து கோலுக்குள் நின்றீர்கள்.